தீபாவளி விளக்குச் சரங்களை ஈரம் படாமல் எடுத்துவைக்கும் முறை

தீபாவளி முடிந்து, கார்த்திகைத் தீபமும் ஏற்றியானபின், வாசலிலும் சன்னலிலும் மின்னிய விளக்குச் சரங்களைக் கழற்றிவைக்கும் வேலை வருகிறது. சிங்கப்பூரில் அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டுவதும் வழக்கம். நன்றாக எரிந்துகொண்டிருந்த சரம் அடுத்த ஆண்டு எரியாமல் போவதற்குத் தூசியைவிட இந்த ஈரமே பெரும்பாலும் காரணமாகிறது. ஆகவே இந்த விளக்கத்தில் உலர்த்துவதற்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

முதல் படி: எரியவிட்டுப் பார்த்தல்

கழற்றுவதற்கு முன், ஒவ்வொரு சரத்தையும் தொங்கும் நிலையிலேயே எரியவிட்டுப் பாருங்கள். பல சரங்களில் விளக்குகள் சிறுசிறு தொகுதிகளாகத் தொடர் இணைப்பில் இருப்பதால், ஓர் இடத்தில் கோளாறு ஏற்பட்டால் ஒரு பகுதி முழுவதும் அணைந்திருக்கும். அதைச் சுற்றிவைத்தபின் கண்டுபிடிப்பது கடினம். கம்பியின் மேலுறை வெடித்திருந்தாலோ அடாப்டர் அளவுக்கு மீறிச் சுட்டாலோ, அந்தச் சரத்தை எடுத்துவைக்கவே வேண்டாம். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் என்பதால், வெடித்த கம்பியை டேப் ஒட்டிப் பயன்படுத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்.

இரண்டாம் படி: கழற்றுதல்

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கியபின் கழற்றுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்காமல், கொக்கிகளிலிருந்து ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். சுவரில் ஒட்டிய கொக்கியின் பசைப்பட்டையைச் சுவரோடு ஒட்டினாற்போல் கீழ்நோக்கி மெதுவாக இழுத்தால் சாயம் பெயராது.

மூன்றாம் படி: பேட்டரிகளை எடுத்தல்

பேட்டரியில் இயங்கும் சரங்களிலிருந்து எல்லா பேட்டரிகளையும் கட்டாயம் வெளியே எடுத்துவிடுங்கள். அல்கலைன் பேட்டரி மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால், அதிலிருந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து, சுருள்கம்பியின் மீது வெள்ளைப் பொருக்காகப் படியும். நாளடைவில் உலோகத்தையே அரித்துவிடும். பொருக்கு ஏற்கெனவே தென்பட்டால், கையுறை அணிந்துகொண்டு, வினிகரில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் அந்த இடத்தைத் துடைத்து, பிறகு ஈரத்துணியாலும் உலர்ந்த துணியாலும் ஒற்றியெடுங்கள். தீர்ந்துபோன பேட்டரிகள் மின்கழிவுத் தொட்டிக்குச் செல்ல வேண்டியவை. நீல நிற மறுசுழற்சித் தொட்டியில் போடக்கூடாது.

நான்காம் படி: துடைத்து உலர்த்துதல்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். தாழ்வாரத்தில் தொங்கிய சரங்களில் மழைச்சாரலும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து பிசுபிசுப்பாகப் படிந்திருக்கும். மிதமான சவர்க்கார நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் கம்பியை வழித்துத் துடையுங்கள். சரத்தை ஒருபோதும் நீரில் முக்காதீர்கள். விளக்கும் கம்பியும் சேரும் கழுத்துப் பகுதியைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். அங்கே நீலப்பச்சை நிறத்தில் களிம்பு தெரிந்தால், உள்ளே ஈரம் புகுந்து செம்பை அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

துடைத்த சரங்களை, படுக்கையறையில் இரவு குளிர்சாதனம் ஓடும்போது விசிறிக் காற்றுப்படும்படி விரித்துப்போடுங்கள். குளிர்சாதனம் காற்றிலுள்ள நீராவியையும் வடித்து வெளியேற்றுவதால், மழைநாளில் கொடியில் போடுவதைவிட இது பன்மடங்கு பயன்தரும். காலையில் அந்த அறையிலேயே, குளிர்சாதனத்தை அணைப்பதற்கு முன், பெட்டியை மூடிவிடுவது நல்லது. 24 டிகிரியில் 60 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை அடைத்த பெட்டி, பிறகு 30 டிகிரி வெப்பத்துக்கு வரும்போது, உள்ளே ஈரப்பதம் ஏறத்தாழ 43 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். மாறாக, சமையலறைப் புழுக்கத்தில் மூடிய பெட்டியைக் குளிர்ந்த அறையில் வைத்தால், அதே காற்றிலுள்ள நீர் சரங்களின் மீதே துளிர்க்கக்கூடும்.

ஐந்தாம் படி: சுற்றுதல்

பிளக் இல்லாத முனையிலிருந்து தொடங்கி, ஓர் அட்டைத் துண்டின் மீது தளர்வாகச் சுற்றுங்கள். பிளக் வெளிப்புறம் நிற்பதால், அடுத்த ஆண்டு சாக்கெட் இருக்கும் இடத்திலிருந்தே பிரித்துக்கொண்டு போகலாம். ரப்பர் வளையம் போடவேண்டாம். நம் வெப்பத்தில் அது இளகிக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி நாடாவே போதும். பிவிசி உறையுள்ள கம்பியை ஸ்டைரோஃபோம் மீதும் சுற்றக்கூடாது. பிவிசியை நெகிழச்செய்யும் பொருள் மெல்லக் கசிந்து ஸ்டைரோஃபோமைக் கரைத்துவிடும்.

ஆறாம் படி: அகல், தோரணம், கோலப்பொடி

மண் அகல்கள் எண்ணெயை உறிஞ்சியிருக்கும். வெந்நீரில் பாத்திரச் சோப்பிட்டு ஊறவைத்துத் தேய்த்து, நல்ல வெயிலில் முற்றிலும் காயவைக்காவிட்டால், அந்த வாடைக்குக் கரப்பானும் எறும்பும் தேடி வரும். பித்தளை விளக்கைப் புளியால் துலக்கிய கையோடு ஈரம் போகத் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றுங்கள். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவில் ஆசையாய்த் தேர்ந்தெடுத்து வாங்கிய துணித் தோரணத்தை மடித்தால் சரிகை முறியும் என்பதால், சுருட்டிவைப்பதே மேல். கோலப்பொடியைக் காற்றுப்புகாத போத்தலில் அடையுங்கள்.

ஏழாம் படி: பெட்டியும் இடமும்

அட்டைப்பெட்டி ஈரத்தை உறிஞ்சும், பூச்சிக்கும் இடம்கொடுக்கும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். ஈரம் ஏறியதும் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் மணிகளை வாங்கினால், மாற்றவேண்டிய நேரம் பார்த்ததும் தெரிந்துவிடும். அலமாரியில் தொங்கவிடும் கால்சியம் குளோரைடு ஈரமுறிஞ்சியை மட்டும் இப்பெட்டிக்குள் வைக்காதீர்கள். அது நீராகி நிரம்புவது, சிந்தினால் உலோகத்தை அரிப்பது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பாம் ஷெல்டர் எனப்படும் தடித்த சுவருள்ள காப்பறை இதற்கு ஏற்ற இடம். பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரோடு ஒட்டாமல், காற்றுத்துளைகளை மறைக்காமல் வையுங்கள். சமையலறை யார்டு வேண்டாம். துவைத்த துணியின் ஈரம் அங்கே எப்போதும் இருக்கும். தாழ்வாரம் தீ விபத்தின்போது அனைவரும் வெளியேறும் வழி என்பதால், அங்கும் வேண்டாம். பெட்டியின் பக்கவாட்டில், எந்தச் சரம் எந்தச் சன்னலுக்கு, எத்தனை மீட்டர் நீளம், அடாப்டர் எது என்பதை எழுதி ஒட்டுங்கள். அடாப்டரை அதற்குரிய சரத்தோடு சேர்த்தே கட்டிவையுங்கள். வோல்ட் மாறிய அடாப்டரைச் செருகினால், பத்திரமாகக் காத்த சரமும் எரியவிட்டவுடனே கருகிவிடலாம்.