மீ 262 பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் ஜெர்மனி களமிறக்கிய மெசர்ஷ்மிட் மீ 262 பற்றிய கட்டுரைகள் பல, அதை ‘உலகின் முதல் ஜெட் விமானம்’ என்று அறிமுகப்படுத்தும்போதே பிழைபட்டுவிடுகின்றன. அந்தப் பெருமை 1939 ஆகஸ்ட் 27 அன்று பறந்த ஹைங்கல் 178-க்கு உரியது. போர் விமானமாகவே வடிவமைக்கப்பட்ட ஹைங்கல் 280-உம் மீ 262-ஐ முந்திக்கொண்டு 1941-இலேயே ஜெட் விசையில் பறந்துவிட்டது. படைப்பணிக்கு வந்த முதல் ஜெட் போர் விமானம் என்று எழுதினால் போதும். அதிலும் பிரிட்டனின் குளோஸ்டர் மீட்டியர் சில வார இடைவெளியில், 1944 ஜூலையிலேயே, பணிக்கு வந்துவிட்டது. இவ்விரண்டும் வானில் மோதிக்கொண்டதாக எழுதுவது வெறும் கற்பனை.

ஹிட்லர் குண்டுவீச்சு விமானமாக மாற்றச் சொன்னதால்தான் தாமதம் என்பது எல்லோரும் விரும்பிச் சொல்லும் கதை. அவருடைய கட்டளை குழப்பத்தைக் கூட்டியது உண்மைதான். ஆனால் விமானம் காத்துக் கிடந்தது என்ஜினுக்காக. 1942 மார்ச் 25 அன்று பிஎம்டபிள்யூ ஜெட் என்ஜின்கள் இரண்டும் பறக்கும்போதே நின்றுபோயின. சோதனைக்காக மூக்கில் பொருத்தியிருந்த பழைய பிஸ்டன் என்ஜினின் துணையால்தான் விமானி ஃபிரிட்ஸ் வெண்டல் உயிரோடு தரையிறங்கினார். பின்னர் வந்த யூமோ 004 என்ஜினுக்கு வேண்டிய நிக்கலும் குரோமியமும் போர்க்காலத்தில் கிடைக்காததால், அலுமினியம் பூசிய சாதாரண எஃகைக் கொண்டு அதை மறுவடிவமைக்க நேர்ந்தது. அது பெருமளவில் உற்பத்தியானது 1944-இன் நடுப்பகுதியில்தான். அப்போதும் அதன் ஆயுள் 10 முதல் 25 மணி நேரம் மட்டுமே. விசைக் கைப்பிடியைச் சற்று வேகமாகத் தள்ளினாலே தீ அணைந்துவிடக்கூடிய என்ஜின் அது.

பின்சாய்ந்த இறக்கையைத் தொலைநோக்கின் சின்னமாகக் காட்டுவதும் வேண்டாம். என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடக் கனமாக அமைந்ததால், குலைந்த எடைச் சமநிலையைச் சரிசெய்யவே முதலில் அந்த 18.5 பாகைச் சாய்வு தரப்பட்டது.

வால் சக்கரத்துடன் இருந்த தொடக்க மாதிரிகளின் படத்தைப் போட்டு, போரில் பறந்தது இதுதான் என்று குறிப்பெழுதுவதும் உண்டு. 1942 ஜூலை 18 அன்று ஜெர்மனியின் லைப்ஹைமில் ஜெட் விசையில் மட்டும் முதன்முறையாகக் கிளம்பியபோது, தரையோடு தாழ்ந்து கிடந்த வாலின் ஏற்றச் சுக்கான் (விமானத்தின் மூக்கை மேலும் கீழும் திருப்பும் பலகை) பிடிகொடுக்கவில்லை. மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெண்டல் பிரேக்கை லேசாகத் தட்டி வாலை உயர்த்தினார். ஓடுபாதையின் முடிவு நெருங்கும் நேரத்தில் பிரேக்கைத் தொடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்! வால் சக்கரத்துக்குப் பதிலாக மூக்குச் சக்கரம் கொண்ட மூன்று சக்கர அமைப்பு வந்தது இதற்குப் பிறகே.

என்ஜின் முகப்பில் தெரியும் சிறு வளையம் அலங்காரமன்று. உள்ளே இருக்கும் ரீடல் என்ற இருவீச்சுத் தொடக்க என்ஜினைக் கையால் இழுத்து முடுக்குவதற்கான பிடி அது.

ஏறத்தாழ 1,400 விமானங்கள் கட்டப்பட்டன என்பதால் அத்தனையும் போரிட்டதாகக் கொள்ளக் கூடாது. எரிபொருளும் பயிற்சி பெற்ற விமானிகளும் இன்றிப் பெரும்பாலானவை தரையிலேயே நின்றன. 1945-உடன் கதை முடிந்தது என்பதும் சரியன்று: எஞ்சிய பாகங்களைக் கொண்டு செக்கோஸ்லோவாக்கியா ஏவியா எஸ்-92 என்ற பெயரில் சில விமானங்களை உருவாக்கி, 1951 வரை பறக்கவிட்டது.