வைப்புநிதியை உடைத்தவன் சொல்லும் ஓய்வுக்காலக் கணக்கு

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் 24 ஆண்டுகள் வேலை பார்த்து, 2023-இல் ஓய்வு பெற்றுக் கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். வேலை மாறும் இளைஞர்கள் பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்புநிதி) படிவத்தோடு என்னைத் தேடி வருகிறார்கள். பணத்தை எடுத்துவிடலாம் என்று 34 வயதில் நான் எடுத்த அதே முடிவைத்தான் அவர்களும் எடுத்துவிட்டு வருகிறார்கள். சேமிக்க வேண்டும், வீண் செலவு கூடாது என்பவை எல்லோரும் அறிந்தவை; அவற்றை விட்டுவிட்டு, நான் பார்க்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இன்றைய செலவையே அன்றைக்கும் வைத்துக் கணக்கிடுவது

விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். 46 வயதில் மாதம் 20,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு 58-இல் 40,000, 70-இல் 80,000 வேண்டும். பிள்ளைகளின் படிப்புச் செலவு நின்ற இடத்தில் மருந்துக்கடைச் செலவு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். 1999-இல் முதல் வேலையை விட்டபோது கைக்கு வந்த 31,000 ரூபாயில் வண்ணத் தொலைக்காட்சி வாங்கினேன். மீதி எங்கே போனது என்று நினைவில்லை. 8 விழுக்காடு என்று குறைத்து வைத்தாலும் 9 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் பணம் அது. 27 ஆண்டுகளில் 2,48,000 ஆகியிருக்கும். கூடவே, நிறுவனம் போடும் பணத்தில் ஓய்வூதியத்துக்குப் போகும் பங்கையும் எடுத்ததால், அந்த ஆறு ஆண்டுப் பணிக்காலமும் என் கணக்கிலிருந்து போயிற்று.

சென்ற மாதம் பர்கூரிலிருந்து வந்த பையன் பி.எஃப். பணத்தை எடுக்கும் படிவம் 19, ஓய்வூதியப் பங்கை எடுக்கும் படிவம் 10-சி இரண்டையும் நிரப்பி வைத்திருந்தான். ஓய்வூதியம் 58 வயதில்தான் தொடங்கும். "அம்பத்தெட்டு வயசு வரைக்கும் யார் சார் கண்டா?" என்றான். ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பதே கணக்கு என்றும், அதற்கான சம்பள உச்சவரம்பு 15,000 என்றும், குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும் என்றும் அவனுக்கு எழுதிக் காட்டினேன். மூன்று நிறுவனங்களில் 5, 6, 7 ஆண்டுகள் வேலை செய்தவர் ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டால் ஓய்வூதியமே இல்லை. பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டே வந்திருந்தால் 18 ஆண்டுகளுக்கு மாதம் ஏறக்குறைய 3,857 ரூபாய் ஆயுள் முழுதும் வரும். பெரிய தொகையில்லைதான், ஆனால் அரிசி, பருப்பு, கேஸ் சிலிண்டருக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. எத்தனை நிறுவனம் மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்ணான யு.ஏ.என். ஒன்றாக இருந்தால் பழைய கணக்கைப் புதியதோடு இணைத்துவிடலாம். உடனே வேறு வேலைக்குப் போகாதவர்கள் அதே 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாக, பணிக்காலத்தைக் காத்துவைக்கும் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். ஐந்தாண்டு முடியாமல் எடுத்தால் வருமான வரியும் வரக்கூடும். பையன் படிவங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். கிழித்தானா, கொடுத்தானா தெரியாது.

மாந்தோப்பை ஓய்வூதியமாக நம்புவது

ஓர் ஆண்டு காய்த்துக் குலுங்கிய மரம் மறு ஆண்டு ஏமாற்றும். மாங்கூழ் ஆலைகள் விலையை இறக்கினால் பறிப்புக் கூலிக்கே கட்டாது.

மொத்தத்தையும் மகள் திருமணத்தில் கரைப்பது

வேண்டாம்.

வரும் வட்டி முழுவதையும் செலவழிப்பது

அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தைப் போட்டால், 8.2 விழுக்காட்டில் காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500 வரும். விலைவாசி ஏறினாலும் ஐந்தாண்டுக்கு அந்தத் தொகை அசையாது. ஆகவே அதில் மாதம் 5,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போட்டுவிடுகிறேன். அதற்காக வீட்டில் வாங்கும் ஏச்சுக்கும் குறைவில்லை.