சேர்ந்த வேலை சரியில்லையெண்டா என்ன செய்யிறது

புது வேலைக்குப் போய் ரெண்டு கிழமையில "ஏன் வந்தம்" எண்டு இருக்குதெண்டா உடன பாக்கைத் தூக்கிக்கொண்டு வீட்ட ஓடாதேங்கோ, அதுக்காண்டி "கிடைச்ச வேலையை விடாத" எண்டு வீட்டில சொல்லுறதைக் கேட்டு வருசக்கணக்கா இருந்து அழியவும் வேணாம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இன்னொரு வேலை லேசில கிடைக்காது, அதாலதான் நிதானமாச் செய்யச் சொல்லுறன்.

முதல் கஷ்டம் வேற, ஏமாத்து வேற எண்டு பிரிச்சுப் பாருங்கோ. சிஸ்டம் பிடிபடேல்லை, மனேஜர் சிடுசிடுக்கிறார், விடியவெள்ளன பரந்தன் சந்தியில பஸ்சுக்கு நிக்கோணும், இதெல்லாம் போகப்போகப் பழகும். ஆனா ஒபிஸ் வேலையெண்டு எடுத்துப்போட்டு லோன் கலெக்‌ஷனுக்கு விசுவமடு, ஒட்டுசுட்டான் எண்டு உங்கட மோட்டச்சைக்கிளிலயே அனுப்பி, பெற்றோல் காசும் தராமல், சனம் கட்டாத காசை உங்கட சம்பளத்தில வெட்டினா அது பழகிற விசயமே இல்லை.

அண்டைக்கே ஒரு கொப்பி போடுங்கோ. வந்த நேரம், போன நேரம், எங்க அனுப்பினவை, எவ்வளவு வெட்டினவை, எல்லாம் திகதியோட. வட்சப்பில வாற ஓடரை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வீட்டு ஆக்கள் ஒராளின்ர போனுக்கும் அனுப்பி வையுங்கோ. கடை, ஒபிஸ் வேலையெண்டா சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, மிச்சத்துக்கு ஒண்டரை மடங்கு ஓ.டி. சம்பளத் துண்டையும் வடிவாப் பாருங்கோ: 40,000 சம்பளமெண்டா ஈபிஎஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) உங்களிட்ட 8 வீதம், 3,200 வெட்டுவினம், முதலாளி 12 வீதம், 4,800 போடோணும், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 1,200 அதுவும் அவர்தான். "ப்ரொபேஷன் முடியட்டும், பிறகு போடுவம்" எண்டா நம்பாதேங்கோ, சேர்ந்த நாளில இருந்தே போடோணும்.

பிறகு மனேஜரோட தனியக் கதையுங்கோ, சத்தம் போடாமல். "சேர், இன்டர்வியூவில ஒபிஸ் வேலையெண்டுதான் சொன்னனீங்கள், கடிதத்திலயும் அப்பிடித்தான் கிடக்கு, ஃபீல்டுக்குப் போறதெண்டா பெற்றோல் காசை எழுத்தில தாங்கோ." இவ்வளவும் காணும். உங்களுக்கு முதல் அந்த வேலை செய்தவர் ஏன் விட்டவர் எண்டு அவரையே தேடிப்பிடிச்சுக் கேளுங்கோ, ஒபிஸில ஒருத்தரும் சொல்லாததை அவர் சொல்லுவார்.

ஒண்டுக்கு மட்டும் பொறுக்கச் சொல்லமாட்டன். புருசன் இல்லாமல் பிள்ளையளோட இருக்கிற ஒரு அக்கான்ர வீட்டு முற்றத்தில இருட்டும் வரைக்கும் குந்தியிருந்து காசு வாங்கிக்கொண்டு வா எண்டு அனுப்பினா, அந்த வேலையை விடுங்கோ. அவவும் எங்கட சனம்தான்.

விடேக்க வாயால சொல்லிப்போட்டு வராதேங்கோ. ராஜினாமாக் கடிதம் ரெண்டு கொப்பி, ஒண்டில திகதியோட அவையின்ர கையெழுத்து வாங்கி நீங்க வைச்சிருங்கோ. ஓ.எல், ஏ.எல் ஒரிஜினல் சேர்ட்டிபிக்கற் அவையிட்டக் கிடந்தா முதல் அதை எடுத்துப்போட்டுத்தான் கடிதத்தை நீட்டோணும். சம்பளம் மிச்சம் தராட்டி நேரம், வெட்டு எல்லாம் எழுதி வைச்ச அந்தக் கொப்பி, சம்பளத் துண்டு, நியமனக் கடிதம் மூண்டையும் கொண்டு தொழில் திணைக்கள ஒபிசுக்குப் போய் எழுத்தில முறைப்பாடு குடுங்கோ, முறைப்பாட்டு நம்பரைக் கேட்டு வாங்காமல் வெளிக்கிட வேணாம்.