ரூபார்ப் சீசனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்ததுமே பிரிட்டன் கடைகளில் ரூபார்ப் என்ற புளிப்புச் செடியின் மெல்லிய தண்டுகள் ரோஸ் நிறத்தில் வந்துவிடும். ஏப்ரலில் தோட்டத்து ரூபார்ப் ஆரம்பம், அது தடியாக, அடியில் சிவப்பும் மேலே பச்சையுமாக இருக்கும், ஜூன் வரை ஓடும். லண்டனிலும் டொரொண்டோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் தமிழர்கள் பலருக்கு இந்தச் செடியோடு ஒருவித அறிமுகம் உண்டு. வாங்கிய வீட்டின் பின்தோட்டத்து மூலையில் முன்னால் இருந்தவர்கள் வைத்துவிட்டுப் போனதாக இருக்கும், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கட்டு பறித்து வேலிக்கு மேலே நீட்டியிருப்பார். வாங்கி வைத்துக்கொள்கிறோம், என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் ஊற்றி வேகவைக்கிறோம், கொழகொழவென்று ஆனதும் சர்க்கரையைக் கொட்டுகிறோம், இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு இது நமக்கு ஒத்துவராது என்று ஒதுக்கிவிடுகிறோம். புளியும் மாங்காயும் புளிச்சகீரையும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இதை ஒதுக்குவது எனக்கு நியாயமாகவே படவில்லை. உலகத்தில் புளிப்பைக் கையாளத் தெரிந்த சமையல் என்று ஒன்று இருந்தால் அது நம்முடையதுதான்.

முதலில் ஆபத்தான தவறைச் சொல்லிவிடுகிறேன். இலையைச் சமைக்காதீர்கள். நாம் கீரை சாப்பிடும் கூட்டம், முள்ளங்கி இலையையும் விடமாட்டோம், ரூபார்ப் இலையோ யானைக் காது போல அகலமாக, பச்சைப்பசேலென்று இருக்கும், பார்த்தாலே பருப்பு போட்டுக் கூட்டு வைக்கத் தோன்றும். வேண்டாம். தண்டில் இருக்கும் ஆக்ஸாலிக் அமிலம் இலையில் மிக அதிகம், அது உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் காய்கறித் தட்டுப்பாடு வந்து, ரூபார்ப் இலையையும் கீரையாகச் சாப்பிடலாம் என்று ஆலோசனை சொன்னார்கள். அதை நம்பிச் சாப்பிட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. வேகவைத்து வடித்துவிட்டால் சரியாகிவிடும் என்ற கணக்கும் தப்பு. தண்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இலையை வெட்டிவிடுங்கள், உரக்குழியில் போடலாம், மண்ணுக்கு ஒன்றும் ஆகாது. இலையோடு வைத்தால் தண்டும் சீக்கிரம் வாடிவிடும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் தண்டையும்கூட மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது, அந்த அமிலத்தின் உப்பான ஆக்ஸலேட் தண்டிலும் கணிசமாக உண்டு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னி என்று விற்கும் கிழங்கு இதே குடும்பத்துச் செடியின் வேர், பேதியாக்கும் மருந்து. சமைக்கும் ரூபார்ப்புக்குப் பதிலாக அதை வாங்க முடியாது.

அடுத்தது நிறம். சிவப்பாக இருந்தால்தான் பழுத்தது, பச்சை என்றால் காய் என்று நினைத்து நல்ல தண்டுகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். ரூபார்ப் பழுப்பதே இல்லை, அது வெறும் இலைக்காம்பு. சிவப்பா பச்சையா என்பதைத் தீர்மானிப்பது ரகமும் வளர்ந்த விதமும். பச்சை தூக்கலாக இருக்கும் விக்டோரியா மாதிரி பழைய ரகங்கள் சுவையில் யாருக்கும் இளைத்தவை இல்லை. வாங்கும்போது பார்க்க வேண்டியது விறைப்பைத்தான். தண்டை வளைத்தால் துவளக் கூடாது, பட்டென்று ஒடிய வேண்டும், வெட்டிய முனை காய்ந்து போயிருக்கக் கூடாது.

ஆனால் குளிர்காலத்து ரோஸ் ரூபார்ப்பும் தோட்டத்து ரூபார்ப்பும் ஒன்றுதானே என்று நினைப்பதும் தவறு, இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் வடக்கில் உள்ள யார்க்‌ஷரில் வேக்ஃபீல்ட், மோர்லி, ராத்வெல் ஊர்களுக்கு நடுவே இருக்கும் பகுதியை ரூபார்ப் முக்கோணம் என்பார்கள். அங்கே செடியை இரண்டு வருடம் வயலில் வளர்த்து, ஒரு தண்டும் பறிக்காமல் வேரில் சத்தைச் சேர்க்கவிட்டு, பனி நன்றாக அடித்த பிறகு வேரோடு தோண்டி எடுத்து, வெளிச்சம் புகாத நீளமான கொட்டகைக்குள் வரிசையாக வைத்து, கதகதப்பாகச் சூடு கொடுப்பார்கள். இருட்டில் செடி இலை விரிக்க வழியில்லாமல், வேரில் இருப்பதையெல்லாம் செலவழித்து விறுவிறுவென்று தண்டை மட்டும் நீட்டும். அறுவடையும் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான், பளிச்சென்று விளக்குப் போட்டால் தண்டின் மென்மை கெடும். நாருமில்லாமல், இளசாக, புளிப்பும் சற்றுக் குறைவாக அது வருவதற்கு இத்தனை பாடு இருக்கிறது. இருட்டில் வைத்து வளர்க்கும் இந்த வழி 1817இல் லண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்தில் தற்செயலாகத் தெரியவந்தது என்பார்கள். 1960கள் வரை இந்த ரூபார்ப்பை லண்டன் சந்தைக்கு ஏற்றிப்போகத் தனி ரயிலே ஓடியது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் யார்க்‌ஷர் ரூபார்ப்புக்குப் பாதுகாக்கப்பட்ட பெயர் என்ற தகுதியையும் கொடுத்தது.

அவ்வளவு பாடுபட்டு வந்த தண்டை வாங்கி ஊறுகாய்க்கும் ஜாமுக்கும் போட்டு மசித்துவிடுவது எனக்கு மனசு கேட்காத காரியம். விலையும் அதிகம். அதை உருக்குலையாமல் சமைத்து அப்படியே தட்டில் வைக்க வேண்டும். ஜாம், தொக்கு, சட்னி, பருப்பு எல்லாவற்றுக்கும் ஏப்ரலுக்கு அப்புறம் வரும் தோட்டத்து ரூபார்ப்பே சரி, புளிப்பும் அதில்தான் அழுத்தமாக இருக்கும்.

சரி, சமையலுக்கு வருவோம். இங்கே எல்லாரும் செய்யும் தவறு தண்ணீர் ஊற்றுவது. ரூபார்ப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதில் ஒரு டம்ளர் தண்ணீரையும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் ஐந்தாறு நிமிடத்தில் நாராக உதிர்ந்து, நிறம் வெளுத்து, கஞ்சியாகத்தான் வரும். சர்க்கரையைப் போட்டுப் பிசிறி அரை மணி நேரம் விட்டாலே அது தன் தண்ணீரைத் தானே விடும், அதிலேயே மெல்லிய தீயில் வெந்துவிடும். துண்டு துண்டாக நிற்க வேண்டுமென்றால் அடுப்பைவிட ஓவன் நல்லது. அரைக் கிலோ தண்டை இரண்டு விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தட்டில் பரப்பி, 100 கிராம் சர்க்கரை தூவி, ஒரு ஆரஞ்சின் தோலைத் துருவிப் போட்டு, சாற்றையும் பிழிந்து, ஃபாயிலால் மூடி 180 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம். கத்தி முனை தடங்கலின்றி இறங்கினால் எடுத்துவிடுங்கள், சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் வேகும். கரண்டி போட்டுக் கிளறவே கூடாது. ஆறும்வரை அதே தட்டில் இருக்கட்டும். அடியில் நிற்கும் ரோஸ் பாகை வழித்துக் கொட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுதான் இதில் அருமையான பகுதி. குளிர்ந்த சோடாவில் இரண்டு கரண்டி விட்டு ஒரு துளி உப்புப் போட்டால் நன்னாரி சர்பத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

தோலைச் சீவுவதும் தேவையில்லாத வேலை. நிறம் பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது, சீவினால் பச்சை வெளுப்பாகத்தான் வேகும். மே, ஜூனில் வரும் முற்றிய தண்டில் மட்டும் முனையைக் கத்தியால் கிள்ளி இழுத்தால் நார் பட்டையாக உரிந்துவரும், அது போதும்.

பாத்திரம் விஷயத்தில் நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, ஆனாலும் மறந்துவிடுகிறோம். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்பதற்கு என்ன காரணமோ அதேதான் இங்கேயும். அலுமினியம், செம்பு, பூச்சில்லாத இரும்புச் சட்டி மூன்றுமே கூடாது. உலோகம் உணவில் இறங்கும், வாயில் வைத்தால் காசைக் கடித்த மாதிரி ஒரு ருசி வரும். எவர்சில்வர், எனாமல், கண்ணாடி, பீங்கான் எல்லாம் பயப்படாமல் பயன்படுத்தலாம்.

புளிப்பை அடக்கச் சோடா உப்புப் போடச் சொல்கிறவர்களும் உண்டு. போட்டதும் நுரைத்துப் பொங்கும், புளிப்பு குறையும், சர்க்கரையும் மிச்சமாகும், எல்லாம் உண்மை. ஆனால் அந்த ரோஸ் நிறம் நீலம் கலந்த சாம்பலாக மாறிவிடும், சோடாவின் ருசி நாக்கில் நிற்கும். அதற்குச் சாப்பிடாமலே இருக்கலாம். அதே மாதிரி சர்க்கரையை முதலிலேயே அள்ளிக் கொட்டுவதும் வேண்டாம். தண்டுக்குத் தண்டு புளிப்பு மாறும், பாதியைப் போட்டு வேகவிட்டு, ஆறியதும் ருசி பார்த்து மீதியைச் சேர்க்கலாம். புளிப்பு முற்றிலும் செத்துப்போகும்வரை இனிப்புச் சேர்த்தால் அப்புறம் ரூபார்ப் எதற்கு? இஞ்சி சேர்த்தால் குறைந்த இனிப்பே போதுமென்று தோன்றும், ஆங்கிலேயர்கள் காலங்காலமாக இதோடு இஞ்சியைத்தான் சேர்க்கிறார்கள். வெல்லம் போட்டால் நிறம் கறுக்கும், ஆனால் முற்றிய பச்சைத் தண்டில் நிறம் போவதற்கே ஒன்றுமில்லை, அங்கே வெல்லமும் சுக்குப்பொடியும் பிரமாதமாகச் சேரும்.

பாயசத்தில் போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கொதிக்கும் பாலில் ரூபார்ப்பைச் சேர்த்தால் பால் திரிந்துவிடும், சந்தேகமே வேண்டாம். பாயசத்தைத் தனியாகக் காய்ச்சி ஆறவைத்து, ரூபார்ப்பையும் தனியாக வேகவைத்து ஆறவைத்து, பரிமாறும்போது மேலே ஒரு கரண்டி வையுங்கள். ஆங்கிலேயர் கஸ்டர்டோடு சாப்பிடுவதும் இதே முறைதான், அதில் ஒரு நல்லதும் இருக்கிறது. பாலில் உள்ள கால்சியம் ஆக்ஸாலிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும், பல்லில் வரும் அந்தக் கரகரப்பும் குறையும்.

இப்போது நமக்கு நெருக்கமான இடம். ரூபார்ப்பை இனிப்புக்கு மட்டும்தான் என்று ஒதுக்கிவைப்பதை எல்லாத் தவறுகளிலும் பெரிய நஷ்டம் என்பேன். ஈரானியர்கள் புதினாவையும் பார்ஸ்லியையும் குவியலாக வதக்கி, ஆட்டுக்கறியோடு மெல்ல வேகவைத்து, இறக்கப் போகும் கடைசி பத்து, பதினைந்து நிமிடத்தில் ரூபார்ப்பைப் போடுவார்கள். ஹோரெஷ்தே ரிவாஸ் என்று பெயர், சோற்றோடு சாப்பிடும் குழம்பு அது. கடைசியில் போடுவதுதான் அதன் சூட்சுமம். முதலிலேயே போட்டால் கரைந்து காணாமல் போகும்.

நம் பருப்பிலும் அப்படித்தான். பருப்போடு சேர்த்துக் குக்கரில் போட்டுவிட்டு, பருப்பு வேகவே இல்லையே என்று குறைப்படக் கூடாது, புளிப்பு இருக்கும் இடத்தில் பருப்பு லேசில் குழையாது. துவரம்பருப்பு குழைந்த பிறகு நறுக்கிய ரூபார்ப், மஞ்சள்தூள், பச்சைமிளகாய் போட்டு ஐந்து நிமிடம் கொதித்தால் போதும், அப்புறம் கடுகு, சீரகம், பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டினால் மாங்காய்ப் பருப்புக்குப் பழகிய நாக்கு உடனே ஒத்துக்கொள்ளும். ரசமும் வைக்கலாம், ஆனால் பழக்கதோஷத்தில் புளியையும் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் வாயில் வைக்க முடியாது. தக்காளியையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாங்காய் மாதிரி பச்சையாக நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு எண்ணெய் ஊற்றி ஊறுகாய் என்று அலமாரியில் வைப்பது நடக்காத காரியம். இவ்வளவு தண்ணீர் உள்ள தண்டு சீக்கிரமே பூசணம் பிடிக்கும். தொக்காகச் சுண்டக் கிண்டுங்கள். நல்லெண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்வரை விடாமல் கிண்டி, வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும் கொஞ்சம் வெல்லமும் சேர்த்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். ஜாம் போடுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜாமைக் கெட்டிப்படுத்தும் பெக்டின் ரூபார்ப்பில் குறைவு, எவ்வளவு நேரம் கொதித்தாலும் தானாகக் கெட்டிப்படாமல் நிறம் மட்டும் கறுத்துக்கொண்டே போகும். எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம், பெக்டின் கலந்த ஜாம் சர்க்கரையும் கடைகளில் கிடைக்கிறது.

தோட்டத்தில் செடி வைத்திருப்பவர்கள் கத்தியால் வெட்டாதீர்கள், மிச்சமிருக்கும் அடித்தண்டு அழுகிக் கிழங்குவரை போகும். அடியில் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் முழுசாகக் கழன்று வரும். நட்ட முதல் வருடம் ஒன்றும் பறிக்கக் கூடாது. அதற்கப்புறமும் ஒரே தடவையில் பாதிக்கு மேல் பறித்தால் செடி இளைத்துவிடும். பூத்தண்டு எழும்பினால் உடனே அடியோடு எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சத்தெல்லாம் அதற்கே போய்விடும். ஜெர்மனியில் ஜூன் 24, யோவான் திருநாளோடு ரூபார்ப் பறிப்பதை நிறுத்திவிடுவார்கள். கோடை ஏற ஏறத் தண்டு முற்றி ஆக்ஸாலிக் அமிலமும் கூடும், செடிக்கும் அடுத்த வருடத்துக்காக வேரில் சேமித்துக்கொள்ள அவகாசம் வேண்டும். பிரிட்டனிலும் ஜூன் முடிவதற்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

நிறுத்துவதற்கு முன் கையில் நிறைய இருந்தால், கழுவி, ஈரம் போகத் துடைத்து, நறுக்கி, முதலில் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் உறையவிட்டு, அப்புறம் பையில் போடுங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டாது. சமைக்கும்போது உருகவிட வேண்டாம், உருகினால் துவண்டு தண்ணீர் விட்டுவிடும், உறைந்த துண்டுகளை அப்படியே பருப்பிலோ தொக்குச் சட்டியிலோ போட்டுவிடலாம்.