மலைநாட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறீர்களா? பார்ப்பதிலிருந்து பராமரிப்பு வரை

ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் கொழும்புக்காரர்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அந்த மாதிரி வண்டிக்கு வேண்டிய ரோடு நம்மிடம்தான் இருக்கிறது. நுவரெலியாவில் மஹகஸ்தொட்டை மலையேற்றப் போட்டி 1934-இலேயே தொடங்கிவிட்டது, இன்றைக்கும் ஏப்ரல் சீசனில் அதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. ஆனால் அதே ஏற்றமும் இறக்கமும் மழையும் ஒரு பழைய காரை எவ்வளவு சீக்கிரம் தின்றுவிடும் என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட வேண்டும். முதல் தடவை வாங்குகிறவர்கள் இந்த வரிசையிலேயே போனால் போதும்.

படி 1: காசை முதலிலேயே இரண்டாகப் பிரியுங்கள்

கையில் இருக்கும் மொத்தக் காசுக்கும் வண்டி தேடாதீர்கள். நாலில் ஒரு பங்கை எடுத்து ஒதுக்கிவிட்டு மீதிக்குத் தேடுங்கள். அந்தக் கால் பங்கு முதல் வருசச் செலவுக்கு. டயர், பிரேக், ஒயில், கூலன்ட், டைமிங் பெல்ட், காப்புறுதி எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். லீசிங் போட்டு வாங்குகிறீர்கள் என்றால் இது இன்னும் கட்டாயம், ஏனென்றால் கிளச் போன மாதத்திலும் தவணை கட்டத்தான் வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை ஏறியது மட்டுமல்ல, பல வண்டிகள் கிடைத்த பார்ட்ஸைப் போட்டு எப்படியோ ஓடின. இன்றைக்கு விற்பனைக்கு வரும் காரில் யார் என்ன மாட்டினார்கள் என்று தெரியாது. அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கால் பங்கு.

படி 2: குதிரைவலுவைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள்

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எந்த என்ஜினும் கிட்டத்தட்ட அதே அளவுக்குச் சக்தியை இழக்கும். பேப்பரில் 200 என்று போட்டிருப்பது இங்கே 200 இல்லை. ஆனால் பாரமான வண்டியின் பாரம் மட்டும் குறையாது, இறக்கத்தில் அந்தப் பாரம் முழுவதையும் பிரேக்தான் தாங்க வேண்டும். நம் வளைவுகளில் சந்தோசம் தருவது இலேசான வண்டி.

மஸ்டா ரோட்ஸ்டர், அதாவது எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை (1989–1997) ஒரு டன்னுக்கும் குறைவு, என்ஜினும் சிக்கல் இல்லாதது. என் முதல் தெரிவு அதுதான். கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் துரு பார்க்க வேண்டும்.

ஹொண்டா சீஆர்-இஸட் நம் நாட்டில் தாராளமாக இருக்கிறது. 1.5 லீட்டர் ஹைபிரிட், மெனுவல் கியரிலும் வந்தது. தினமும் வேலைக்குப் போகவும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கும் ஓட்ட வேண்டும் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஹைபிரிட் பட்டரியை மட்டும் விடாமல் சோதியுங்கள்.

மஸ்டா ஆர்எக்ஸ்-8 பார்க்க அழகு, விலையும் ஆசை காட்டும். முதல் காராக வேண்டாம். அதில் இருப்பது பிஸ்டனுக்குப் பதில் முக்கோணச் சுழலி சுற்றுகிற ரோட்டரி என்ஜின். அது ஓடும்போதே ஒயிலைக் கொஞ்சம் எரிக்கும், அது அதன் அமைப்பு. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணி நாலடி தள்ளி நிறுத்திவிட்டு உடனே ஓஃப் பண்ணினால் பெற்றோல் உள்ளே தேங்கி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஹட்டன், நுவரெலியாக் குளிரில் காலையில் வண்டியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, யோசித்துக்கொள்ளுங்கள். அப்படியும் அதுதான் வேண்டும் என்றால் ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் கம்ப்ரஷன் (என்ஜினுக்குள் உள்ள அழுத்தம்) பார்க்காமல் ஒரு ரூபா கூட முற்பணம் கொடுக்காதீர்கள். என்ஜின் சூடாக இருக்கும்போது ஓஃப் பண்ணி மறுபடி ஸ்டார்ட் பண்ணியும் பாருங்கள். இழுத்து இழுத்துத்தான் பிடிக்கிறது என்றால் விட்டுவிடுங்கள்.

படி 3: பேப்பர்

வண்டியைப் பார்க்கப் போகும் முன் சீ.ஆரின் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) படம் ஒன்று வாங்குங்கள். அதில் உரிமையாளர் இடத்தில் லீசிங் கம்பனி பெயர் இருந்தால், கடன் முடிந்து பெயர் நீங்கும் வரை முழுக் காசையும் கொடுக்க வேண்டாம். செசி நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரியாக இருக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார்களில் என்ஜின் மாற்றுவது சகஜம், அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டிருந்தால் அந்தத் தலையிடி உங்களுக்குத்தான்.

பெயர் மாற்றத்துக்கு விற்பவருக்கு எம்டிஏ 8 படிவம், வாங்குபவருக்கு எம்டிஏ 6 படிவம். இரண்டையும் நிரப்பி உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். "ஓப்பன் பேப்பர்தான் அண்ணே, பிறகு மாத்திக்கலாம்" என்று, பெயர் மாற்றாமல் கைமாறி வந்த வண்டியைக் காட்டினால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஜப்பானில் பழசாக ஏலத்தில் எடுத்து இங்கே வந்த வண்டி என்றால் ஏலத் தாளைக் கேளுங்கள். தரம் போடும் இடத்தில் ஆர் அல்லது ஆர்ஏ என்று இருந்தால் விபத்துக்குப் பிறகு திருத்தியது. வரும்போது எத்தனை கிலோமீற்றர் ஓடியிருந்தது என்பதும் அதிலேயே இருக்கும், மீற்றரோடு ஒப்பிடுங்கள்.

படி 4: குளிர்ந்த என்ஜினோடு, வெயிலில்

நான் வரும் வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பொனட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள். மழையில் பார்க்காதீர்கள், நனைந்த பெயின்டில் டிங்கரிங் வேலை தெரியாது.

துருவுக்கு நேரம் ஒதுக்குங்கள். கொழும்பிலிருந்து வரும் வண்டிக்கு உப்புக் காற்று, நம் வண்டிக்கு மூடுபனியும் ஓயாத ஈரமும். ரோட்ஸ்டரில் இடம் குறித்தே சொல்கிறேன்: ஸீட்டுக்குப் பின்னால், துணிக் கூரை மடிகிற மூலையில், ஸீட் பெல்ட் தூணின் அடியில் இரண்டு பக்கமும் தண்ணீர் வடிகிற ஓட்டை இருக்கும். அதில் இலை அடைத்தால் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதிக்குள் இறங்கி, பின்சில்லுக்கு முன்னால் உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோய் அந்த மூலையில் மெதுவாக ஊற்றுங்கள், வண்டிக்கு அடியில் பின்சில்லுக்கு முன்னால் தாராளமாகக் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் அந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், மொரமொரவென்று சத்தம் கேட்டால் திரும்பி வாருங்கள்.

அடுத்தது பிரேக் ஒயில். நல்ல ஒயில் வெளிர் மஞ்சளாக இருக்கும், பிளேன்டீ நிறத்தில் இருந்தால் கவனிக்காமல் ஓட்டிய வண்டி. டயரின் பக்கத்தில் உள்ள நாலு இலக்கத்தையும் படியுங்கள். 2319 என்றால் 2019-இன் 23ஆம் வாரம் செய்தது. ஆறேழு வருசம் போன டயர் பூ அப்படியே இருந்தாலும் நம் மழைக்கு உதவாது.

படி 5: ஏற்றமும் இறக்கமும்

டவுனைச் சுற்றி ஓட்டிக் காட்டினால் போதாது. கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை, அல்லது றம்பொடை ஏற்றம், அந்த மாதிரி நீளமான ஏற்றம் வேண்டும். பெரிய கியரில் இரைச்சல் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. சூட்டு முள் நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். சீஆர்-இஸட் என்றால் பட்டரிக் கோடுகளைப் பாருங்கள், நிறைய இருந்தது சட்டென்று காலியானால் பட்டரிக்கு வயசாகிவிட்டது.

மேலே போய் ஹேண்ட் பிரேக்கில் சரிவில் நிறுத்திப் பாருங்கள். அப்புறம் இறக்கம், இரண்டாம் கியரில். கீழே வந்ததும் பெடல் மெத்தென்று உள்ளே போகிறதா, நாற்றம் வருகிறதா என்று கவனியுங்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் அதிர்ந்தால் டிஸ்க் வளைந்திருக்கும்.

படி 6: வாங்கிய பிறகு

முதல் வாரத்திலேயே எல்லா ஒயிலையும் கூலன்டையும் மாற்றிவிடுங்கள், பழைய ஓனர் "இப்பதான் மாத்தினது" என்று சொன்னாலும் சரி. டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால், மாற்றியதற்குப் பில் இல்லாத பெல்ட் மாற்றாத பெல்ட். ரோட்ஸ்டருக்கு அது 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டொட் 4 ஒயில் புதிதாக இருக்கும்போது 230 பாகையில்தான் கொதிக்கும், ஈரம் ஏறிவிட்டால் 155-க்கு இறங்கிவிடும் என்பது அதன் தர அளவு. ரதல்ல குறுக்கு வீதி மாதிரி இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வருவது பெரிய விசயமில்லை, ஒயில் கொதித்தால் பெடல் தரை வரைக்கும் போகும். மற்ற ஊரில் இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறார்கள், நாம் வருசா வருசம் மாற்ற வேண்டும். கியரில் இறங்கப் பழகுங்கள். ஹைபிரிட் வண்டிக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நீண்ட இறக்கத்தில் பட்டரி நிறைந்துவிட்டால் மோட்டார் பிடித்துக்கொடுத்த பிடி இல்லாமல் போகும், அதற்குப் பிறகு கியரும் பிரேக்கும்தான்.

ரேடியேட்டருக்குப் பீலித் தண்ணியை ஊற்றாதீர்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். கூலன்ட் கொதிக்காமல் இருப்பது மூடி பிடித்துவைக்கும் அழுத்தத்தால்தான், அதனால் ரப்பர் இறுகிய மூடியைப் புதிதாக மாற்றுங்கள், அதற்குப் பெரிய செலவில்லை.

வருசத் திட்டத்தை மழையை வைத்துப் போடுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மே மாதத்தோடு தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும், அதனால் ஏப்ரல் முடிவதற்குள் டயர், வைப்பர், பிரேக் பார்த்துவிடுங்கள். பதுளை, பண்டாரவளைக்காரர்கள் நவம்பருக்குள் செய்யலாம். குளிர் ஊருக்கு ஏசி எதற்கு என்று கேஸ் போடாமல் விடாதீர்கள், மூடுபனியில் உள்கண்ணாடியைத் துடைப்பதே ஏசிதான். வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும், இரண்டின் திகதியையும் ஒரே மாதத்துக்குக் கொண்டுவந்தால் அலைச்சல் குறையும். வண்டியில் என்ன மாற்றியிருந்தாலும் காப்புறுதிக்காரர்களிடம் எழுத்தில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கோரிக்கை வைக்கும் நாளில் அதையே காரணமாகச் சொல்வார்கள்.

பார்ட்ஸுக்குக் கொழும்பில் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. ஆனால் வண்டி படுத்த பிறகு போனால் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். பிரேக் பேட் ஒரு செட், பெல்ட், ஒயில் ஃபில்ட்டர், ரேடியேட்டர் குழாய் இந்த நாலையும் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லி முதல் 3 மாதத்துக்குள்ளேயே வாங்கி வீட்டில் வையுங்கள். பழைய பார்ட்டைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கச் சொல்லுங்கள், ஒரே மொடலிலேயே வருசத்துக்கு வருசம் அளவு மாறும்.