நெற் இருக்கு, பக்கம் மட்டும் திறக்குதில்லையோ?

போன கிழமை கிளிநொச்சியில ஒரு ரியூசன் சென்ரருக்குப் போனனான், பத்து கொம்பியூட்டர், பிள்ளையள் சும்மா இருக்குதுகள், மனசு கேக்கேல்ல, அதான் எழுதுறன்.

முதல்ல எல்லா மெசினிலயுமா, ஒண்டில மட்டுமா எண்டு பாருங்கோ. எல்லாத்திலயும் எண்டா பெரும்பாலும் றவுட்டர், சுவிச் (கேபிளெல்லாம் வந்து கூடுற பெட்டி), லைன்தான், புறவுசரில கை வைக்காதேங்கோ. ஒண்டில மட்டும் எண்டா கேபிள் குத்துற இடத்தில லைற் மின்னுதோ பாருங்கோ, புழுதி அடைஞ்சிருந்தா துடைச்சுக் குத்துங்கோ.

பிறகு சிஎம்டியில (விண்டோஸில கட்டளை அடிக்கிற கறுப்புப் பெட்டி) ping 8.8.8.8 எண்டு அடியுங்கோ, அது கூகிளின்ர சேர்வர், பதில் வருதோ எண்டு பாக்கத்தான். பதில் வருது ஆனா பக்கம் வரேல்ல எண்டா அனேகமா டிஎன்எஸ் (பக்கத்தின்ர பேரை நம்பராக்கிறது) பிழை, நெற்வேர்க் செற்றிங்கில டிஎன்எஸ்ஸுக்கு அதே 8.8.8.8 ஐப் போடுங்கோ. ஐபி, அதாவது மெசினின்ர நெற்வேர்க் அட்ரஸ், 169.254 எண்டு தொடங்கினா றவுட்டர் அட்ரஸ் குடுக்கேல்ல, கேபிளைக் கழட்டி மாட்டி றவுட்டரை ஓஃப் பண்ணித் திரும்ப ஓன் பண்ணுங்கோ. செற்றிங்கில புறொக்சி (நெற்றுக்கு இடையில நிக்கிற வேற சேர்வர்) ஓனில கிடந்தா, தேவையில்லாட்டி நிப்பாட்டுங்கோ.

கனபேர் பாக்காத ஒண்டு திகதி. மதர்போட்டில இருக்கிற காசு மாதிரி வட்டமான CR2032 எண்ட பற்றரி செத்தா, கரண்ட் போய் வந்த உடன திகதி பழைய வருசத்துக்கு ஓடீடும், பிறகு எந்தப் பக்கத்துக்குப் போனாலும் பாதுகாப்பில்லை எண்டு மறிக்கும். அங்க ரண்டு மெசினில இதுதான், பற்றரி மாத்தித் திகதியைச் சரியாக்கினன், உடன திறந்திட்டுது.