டிக் என்ற சத்தம்: ரிவால்வர் விசையை இலகுவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல்முறை ரிவால்வர் வாங்கியவரிடம் அதைக் காலியாகக் கொடுத்து, டபுள் ஆக்‌ஷனில் (விசையை இழுத்தாலே சுத்தியலும் பின்னால் போய் விடுபட்டு விழும் முறை) ஒருமுறை விசையை இழுக்கச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார். இரண்டாவது முறை இழுக்கும்போது குழல் ஒரு பக்கமாகச் சாயும். மூன்றாவது முறை இழுக்கவே மாட்டார், என்னைப் பார்த்துக் கேட்பார்: "இதைக் கொஞ்சம் லூசாக்க முடியாதா?"

பல வருடமாக இதே கேள்வி. போன வாரப் பயிற்சியில் ஒரே நாளில் மூன்று பேர் கேட்டார்கள், அதில் ஒருவர் ஏற்கெனவே ஸ்பிரிங் கிட் (இலகுவான மாற்று ஸ்பிரிங்குகள்) வாங்கிப் போட்டுவிட்டு வந்திருந்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அவர் செய்ததைவிட மோசமானதை நான் செய்திருக்கிறேன். அதைக் கீழே சொல்கிறேன்.

விரலை எங்கே வைப்பது, எப்படிப் பூட்டி வைப்பது, குழல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் இங்கே வராது. அது தெரியாதவர் ஸ்பிரிங் பக்கமே போகக் கூடாது.

கனத்தையும் கரகரப்பையும் ஒன்றாக நினைப்பது

தொழிற்சாலையிலிருந்து வரும் ரிவால்வரில் டபுள் ஆக்‌ஷன் இழுவை பெரும்பாலும் 10 முதல் 12 பவுண்டு வரை இருக்கும், அதாவது ஏறக்குறைய நாலரை முதல் ஐந்தரைக் கிலோ. சின்ன ஃபிரேம் (உடல்சட்டம்) ரிவால்வர்களில் அதற்கு மேலும் போகும். சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுட்டால், அதாவது சிங்கிள் ஆக்‌ஷனில், 3, 4 பவுண்டுதான். இரண்டையும் அடுத்தடுத்து இழுத்துப் பார்க்கிறவருக்கு டபுள் ஆக்‌ஷன் தண்டனை மாதிரித் தெரிவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் புதியவர்கள் "கனமாக இருக்கிறது" என்று சொல்லும்போது பாதி நேரம் அவர்கள் விரல் சொல்வது வேறு. நடுவழியில் ஒரு உரசல், கடைசியில் ஒரு முட்டல், இழுவை ஒரே சீராக வராமல் படிப்படியாக வருவது, இதைத்தான் விரல் கனம் என்று எடுத்துக்கொள்கிறது. 11 பவுண்டு இழுவை வழவழவென்று ஓடினால் 9 பவுண்டு கரகரப்பைவிடச் சுலபமாகத் தெரியும். கரகரப்பு உலோகம் உலோகத்தோடு உரசும் இடத்தில் இருக்கிறது, அதைத் தேய்த்துச் சீராக்கலாம், அல்லது ஆயிரக்கணக்கான முறை காலியாக இழுத்து இழுத்தே அது தானாகவும் சீராகும். கனத்தில் பெரும்பங்கு சுத்தியலை முன்னுக்குத் தள்ளும் மெயின் ஸ்பிரிங்கில் இருக்கிறது, அதைக் குறைத்தால் சுத்தியலின் அடியும் சேர்ந்து குறையும்.

அந்த ஒரு திருகு

இதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, முக்கியமாக என் மேலேயே.

ஸ்மித் அண்ட் வெஸனின் நடுத்தர, பெரிய ஃபிரேம் ரிவால்வர்களில் மெயின் ஸ்பிரிங் ஒரு தட்டையான பட்டை. பிடியின் முன்பக்கம், கீழ்ப்பகுதியில், ஒரு சின்னத் திருகு உள்ளே போய் அந்தப் பட்டையை வளைத்துப் பிடித்திருக்கும். ஸ்ட்ரெய்ன் ஸ்க்ரூ என்று பெயர். அதை அரைச் சுற்று தளர்த்தினால் பட்டையின் வளைவு குறைந்து, விசை அப்படியே குழைந்துவிடும். பணம் செலவில்லை, எதையும் கழற்ற வேண்டாம், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். இதைவிட ஆசைகாட்டும் திருகு உலகத்தில் கிடையாது.

அது ரேடியோ வால்யூம் குமிழ் இல்லை. முழுக்க இறுக்கியிருக்க வேண்டும் என்றே வைக்கப்பட்ட திருகு. பாதியில் நிறுத்தினால் அதைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை, ஒவ்வொரு வெடிக்கும் வரும் அதிர்வில் அது இன்னும் கொஞ்சம் கழன்றுகொள்ளும். நீங்கள் விட்டது அரைச் சுற்று, நூறு தோட்டா கழித்து இருப்பது முக்கால் சுற்று. அதுவும், முன்பக்கத்தையும் சேர்த்து மூடும் ரப்பர் பிடி போட்டிருந்தால் திருகு கண்ணிலேயே படாது.

சரி, என் கதை. எனக்குச் சொந்தமாக இருந்த நாலு அங்குலக் குழல் .38ல் இதைச் செய்தேன். விசை வெண்ணெயாகிவிட்டது. மூன்று பெட்டித் தோட்டா சுட்டேன், ஒன்றுகூடச் சொதப்பவில்லை. நண்பர்களிடம் இழுத்துக் காட்டிப் பெருமைப்பட்டேன். அப்புறம் வேறு ஒன்று வாங்கியதும், வீட்டுப் பாதுகாப்புக்கு வேண்டும் என்று கேட்ட மைத்துனருக்கு அதைக் கொடுத்துவிட்டேன். திருகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவே அது எனக்குப் படவில்லை, அதுதான் கொடுமை.

அவர் தோட்டா வாங்கிப் போட்டு, படுக்கைக்குப் பக்கத்தில் பூட்டுப்பெட்டியில் வைத்தார். இரண்டு வருடம். ஒரு நாள் சுடுதளத்துக்குச் சேர்ந்து போனோம். அதே பெட்டித் தோட்டாவை எடுத்து வந்திருந்தார். முதல் இழுப்பு, டிக். இரண்டாவது வெடித்தது. மூன்றாவது டிக், நான்காவது டிக். குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருந்தோம், தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால். சிலிண்டரைத் திறந்து வெடிக்காதவற்றை உள்ளங்கையில் கொட்டினார். தோட்டாவின் பின்புறம் இருக்கும், அதைப் பற்றவைக்கும் பிரைமரின் நடுவில், நகத்தால் லேசாக அழுத்திய மாதிரி ஒரு பள்ளம். வெடித்த தோட்டாவின் பள்ளம் அதைவிட ஆழம், வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக ராத்திரி எதை நம்பித் தூங்கினோம் என்று அவர் கணக்குப் போடுவது எனக்குப் புரிந்தது.

நான் சுட்ட மூன்று பெட்டியில் மட்டும் எப்படி ஒன்றுகூடச் சொதப்பவில்லை? இரண்டு காரணம்.

ஒன்று, பிரைமர். அது ஒரு சின்ன உலோகக் கிண்ணம், உள்ளே வெடிமருந்துக் கலவை, அதற்கு எதிரே அன்வில் என்ற சிறு தகடு. ஃபயரிங் பின் கிண்ணத்தைக் குத்த, நடுவில் இருக்கும் கலவை அன்வில்லில் நசுங்கித் தீப்பிடிக்கிறது. மெதுவாக அமுக்கினால் போதாது, சுருக்கென்று விழ வேண்டும். கிண்ணத்தின் கடினம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஃபெடரல் மென்மை, சிசிஐ கடினம் என்பது ரிவால்வர்காரர்கள் மத்தியில் பழைய பேச்சு. ஒரே பெட்டிக்குள்ளேயே தோட்டாவுக்குத் தோட்டா கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். நான் சுட்டது மென்மையான பிரைமர், மைத்துனர் வாங்கியது வேறு.

இரண்டாவது காரணம் அதைவிட வெட்கக்கேடு. நான் சுட்டதில் பெரும்பாலானவை சிங்கிள் ஆக்‌ஷன். இந்த வகை ரிவால்வர்களில் சுத்தியலைக் கையால் இழுத்து நிறுத்தும்போது அது முழுத் தூரம் பின்னால் போகிறது. டபுள் ஆக்‌ஷனில் அவ்வளவு தூரம் போவதற்கு முன்பே விடுபட்டு விழுந்துவிடும். தூரம் குறைவு, அதனால் அடியும் குறைவு. பலமான அடியில் சோதித்துப் பார்த்துவிட்டு, பலவீனமான அடியை நம்பி ஒருவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

திருகைத் தளர்த்துவதோடு நிறுத்தாமல் அதன் முனையையே அரத்தால் தேய்த்துக் குட்டையாக்குகிறவர்களும் உண்டு. கேட்டால், "நான் முழுசாகத்தானே இறுக்கியிருக்கிறேன்" என்பார்கள். பழைய ரிவால்வர் வாங்குகிறவர்களுக்கு இது பெரிய கண்ணி, திருகு இறுக்கமாகவே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. அப்படி மாட்டியவற்றில், சுட்ட பிரைமரின் காலிக் கிண்ணத்தைத் திருகு முனையில் தொப்பி மாதிரி மாட்டி நீளத்தைச் சரிக்கட்டும் பழைய வித்தை ஒன்று இருக்கிறது. சுடுதளத்தில் ஒரு நாளை ஓட்ட உதவும். வீட்டுக்குப் போனதும் புதுத் திருகு வாங்கிப் போடுங்கள்.

"வெடிக்கலைன்னா மறுபடி இழுத்தால் ஆச்சு"

ரிவால்வரின் பெரிய வசதி இது என்பது உண்மைதான், மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். ஆனால் கோளாறு தோட்டாவில் இருந்தால்தான் அது உதவும். கோளாறு ஸ்பிரிங்கில் இருந்தால் அடுத்த தோட்டாவின் மேல் விழுவதும் அதே நோஞ்சான் அடிதான்.

போட்டிக்காரர்களைப் பார்த்துக் காப்பியடிப்பது

அமெரிக்கப் போட்டி வீரர் ஜெரி மிச்சுலெக் 1999ல் ரிவால்வரில் ஆறு தோட்டா சுட்டு, மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு சுட்டார், மொத்தம் 2.99 விநாடி. அதைப் பார்த்துவிட்டு ரிவால்வரைத் திறக்க உட்காருகிறவர்கள் அதிகம். போட்டியில் இலகுவான விசை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மென்மையான பிரைமரையே தேடி வாங்கி, தாங்களே கையால் ஆழமாக அழுத்திப் பொருத்திக்கொள்கிறார்கள். துப்பாக்கியும் தோட்டாவும் ஒரு ஜோடி. அங்கே டிக் என்றால் போவது சில புள்ளிகள். தற்காப்பு ரிவால்வர், கடையில் அன்றைக்கு எந்தப் பெட்டி கிடைத்ததோ அதையும் வெடிக்க வேண்டும்.

திரும்பி வரும் ஸ்பிரிங்கை மறப்பது

மெயின் ஸ்பிரிங்கைத் தொடாத புத்திசாலிகள் அடுத்து கை வைப்பது ரிபவுண்ட் ஸ்பிரிங்கில். விசையை முன்னுக்குத் தள்ளுவது அது. இதைக் குறைத்தாலும் இழுவை இலகுவாகும், சுத்தியலின் அடி குறையாது, லாபம் என்று தோன்றும். வேகமாகச் சுடும்போதுதான் தெரியும், விரல் முன்னால் போய்விடும், விசை பின்னாலேயே நிற்கும். முழுக்கத் திரும்பாத விசையை மறுபடி இழுத்தால் சிலிண்டர் மட்டும் நகர்ந்து சுத்தியல் விழாமல் போகலாம், ஒரு நல்ல தோட்டா சுடப்படாமலே தாண்டிப் போய்விடும். உள்ளே அழுக்கும் கெட்டியான கிரீஸும் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். குளிரில் கேட்கவே வேண்டாம்.

ஹேமர் பிளாக்கை எடுத்துவிடுவது

விசையை இழுக்காதபோது சுத்தியல் முன்னால் போய்த் தோட்டாவை அடிக்காமல் தடுக்கும் துண்டு இது. எடுக்காதீர்கள். 1944ல் ஒரு போர்க்கப்பலில் விக்டரி மாடல் ரிவால்வர் கீழே விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்த பிறகுதான் ஸ்மித் அண்ட் வெஸன் அந்தத் துண்டை இப்போதைய வடிவத்தில் வைத்தது.

தற்காப்புக்குச் சுத்தியலை இழுத்து வைத்துக்கொள்வது

லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தன் ரிவால்வர்களை டபுள் ஆக்‌ஷன் மட்டும் என்று மாற்றியது சும்மா இல்லை. நடுங்கும் விரலுக்கு 3 பவுண்டு போதாது.

.22 ரிவால்வரின் ஸ்பிரிங்

தொடவே தொடாதீர்கள். இந்தத் தோட்டாவில் தனிப் பிரைமர் கிடையாது, பற்றவைக்கும் கலவை விளிம்பிலேயே இருக்கிறது; விளிம்பை நசுக்கி வெடிக்க வைக்க அந்த அடி முழுசாகத் தேவை.

எல்லாப் பழியையும் ஸ்பிரிங் மேல் போடுவது

இது எதிர்த்திசைத் தவறு, என் கதையைக் கேட்டவர்கள் செய்வது. ஒரு டிக் கேட்டதும் கனமான ஸ்பிரிங் தேடுவார்கள். பிரைமர் முழுக்க உள்ளே அமராமல் துருத்திக்கொண்டிருந்தாலும் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், அதே தோட்டா இரண்டாவது அடியில் வெடிக்கும். சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடினால் அடி வாங்கும்போது தோட்டா முன்னால் நகர்ந்து அடியை உறிஞ்சிக்கொள்ளும். எரியாத மருந்துத் துகள், காலிக் கூடுகளை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் போய் உட்கார்ந்தால் சிலிண்டர் மூடாது, மூடினாலும் இறுகும், ஆள் "விசை கனமாகிவிட்டது" என்பார். காலிக் கூடுகளைத் தள்ளும்போது குழலை வானத்தைப் பார்த்துப் பிடித்தால் இதில் பாதி குறையும். பழைய பல் துலக்கும் பிரஷ் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு பெட்டி சுட்டுவிட்டு "சரியாக இருக்கிறது" என்பது

50 தோட்டா சுட்டு ஒன்றுகூடச் சொதப்பவில்லை என்றால் எவ்வளவு நம்பலாம்? புள்ளியியலில் ஒரு எளிய விதி உண்டு, 3ஐச் சுட்ட எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 3/50, அதாவது 6 சதவீதம் வரை கோளாறு ஒளிந்திருந்தாலும் அந்தப் பெட்டி உங்களுக்குக் காட்டிக்கொடுக்காமல் போயிருக்கலாம். 300 சுட்டால் அது 1 சதவீதத்துக்கு இறங்கும். அதனால் எந்த மாற்றம் செய்தாலும், நீங்கள் வீட்டில் வைக்கப்போகும் அதே தோட்டாவோடு, எல்லாமே டபுள் ஆக்‌ஷனில், கூடவே கடின பிரைமர் உள்ள ஒரு பெட்டியும் சுட்டுப் பாருங்கள். செலவுதான், தெரியும். அந்தச் செலவு கசந்தால் ஸ்பிரிங்கை இருந்தபடியே விட்டுவிடலாம், அதற்குக் காசு கிடையாது.

கனம் உண்மையிலேயே தாங்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பிடியைத்தான் பார்க்கிறேன். பிடி பெரிதாக இருந்தால் விரல் நுனி மட்டும்தான் விசைக்கு எட்டும், நுனியால் 12 பவுண்டை இழுப்பது யாருக்கும் கஷ்டம்தான். சின்னப் பிடி மாட்டி, விரலின் முதல் மடிப்பு விசையில் உட்கார்ந்ததும் பாதிப் பேர் ஸ்பிரிங் பேச்சை விட்டுவிடுகிறார்கள். மீதிப் பேருக்குத் தினமும் பத்து நிமிடம், தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, காலியாக இழுத்துப் பழகச் சொல்கிறேன். ஒரு மாதம் கழித்து வந்தால் பேசுவோம். சிலர் வருகிறார்கள்.

மைத்துனரின் ரிவால்வருக்குப் புதுத் திருகு போட்டு, கடைசிவரை இறுக்கி, அவர் முன்னாலேயே 300 சுட்டேன். வெடிக்காத அந்த மூன்றில் ஒன்றை அவர் தூக்கிப்போடாமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய ரிவால்வரை என்னிடம்தான் கொண்டுவருவார். காலியாகக் கொடுப்பார், சிலிண்டரைத் திறந்து காட்டுவார், அப்புறம் சொல்வார்: "மச்சான், திருகுல மட்டும் கை வைக்காதீங்க."